ஐசோலேட்டர் ஆஃப், பூட்டும் போட்டாயிற்று, அப்புறமும் பெட்டிக்குள் எப்படிக் கரண்ட்?

கேப்லாம்ப்:
வணக்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் மின்பிரிவில் உதவியாளராக இருக்கிறேன், நாலு வருடம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் என் கண்ணெதிரே நடந்ததை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட். சம்ப்பில் (தண்ணீர் சேரும் குழி) ஒரு பம்ப் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தது. நானும் என் சீனியரும் போனோம். பதினைந்து வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்தான். 1100 வோல்ட் கேட் எண்ட் பாக்ஸ், அதாவது இயந்திரத்துக்குக் கரண்ட் கொடுக்கும் இரும்பு சுவிட்ச் பெட்டி. ஐசோலேட்டரை (சப்ளையைப் பிரிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்தார், தன் பூட்டைப் போட்டார், அட்டை மாட்டினார். பிறகு போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் திறந்தோம். சாவி அவர் பாக்கெட்டில்தான் இருந்தது. இதுவரை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தோம்.

"செத்துப்போச்சான்னு பாத்துடுவோம்" என்று மீட்டரை எடுத்தார். கீழ் டெர்மினல்களில் பூஜ்யம். பிறகு பிரோபை (மீட்டர் கம்பியின் முனை) மேல் டெர்மினல்களுக்குக் கொண்டு போனார். அடுத்து எனக்குத் தெரிந்தது ஒரு நீல வெள்ளை வெளிச்சம், இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். நான் பக்கவாட்டில் இரண்டு எட்டு தள்ளி நின்றதால் தப்பித்தேன். காது அடைத்துவிட்டது. முடி கருகிய வாடை. அவர் பின்னால் உட்கார்ந்த மாதிரி விழுந்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீ லைட்டைப் போடு" என்றார். லைட் போட்டுத்தான் இருந்தது. என் கேப் லாம்ப் நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பார்வை திரும்பியது. முகம், கழுத்து, இரண்டு கையும் வெந்துவிட்டன. இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது என்றார்கள்.

என் கேள்வி இதுதான். ஐசோலேட்டர் ஆஃப், பூட்டும் போட்டாயிற்று, அப்புறமும் உள்ளே எப்படிக் கரண்ட்? விசாரணையில் "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் எழுதி முடிக்கப் பார்க்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

மூன்றாம்ஷிப்ட்:
உங்கள் சீனியர் சீக்கிரம் குணமாகட்டும். ஆனால் கேட்டதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐசோலேட்டருக்கு வருகிற பக்கம் எப்போதுமே லைவ்தான். ஐசோலேட்டர் ஆஃப் ஆனால் அதிலிருந்து வெளியே போகிற பக்கம்தான் சாகும். இது முதல் வருடப் பாடம். பதினைந்து வருட ஆளுக்குத் தெரியாதா? இந்தப் பெட்டிக்குக் கரண்ட் அனுப்புகிற, பின்னால் இருக்கிற செக்‌ஷன் சுவிட்சை நிறுத்திவிட்டுத் திறந்திருக்க வேண்டும். கவனக்குறைவு என்று எழுதினால் அதில் என்ன தப்பு?

பழைய_மெகர்:
மூன்றாம்ஷிப்ட் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லலாம்.

தம்பி கேப்லாம்ப், நான் முப்பது வருடம் நிலத்தடியில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, அந்தப் பெட்டியில் சப்ளை வருகிற மேல் டெர்மினல்களை மூடி ஒரு தடுப்புத் தகடு இருந்திருக்க வேண்டும், இருந்ததா? இரண்டு, என்ன மீட்டர்?

கேப்லாம்ப்:
தகடு இல்லை சார். பெட்டி போன வருடம் ஓவர்ஹாலுக்கு மேலே போய் வந்தது, அப்போதே இல்லாமல்தான் வந்தது என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். மீட்டர் சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர். கேட் த்ரீ (CAT III) 600 வோல்ட் என்று போட்டிருக்கும்.

செக்‌ஷன் சுவிட்ச் பற்றி: அது அங்கிருந்து அறுநூறு மீட்டர். அதே ஃபீடரில் இன்னும் இரண்டு பம்ப் ஓடிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த ஓவர்மேனிடம் (ஷிப்ட் மேற்பார்வையாளர்) கேட்க வேண்டும், தண்ணீர் ஏறும், ஏறினால் கரி வெட்டும் முகப்பு நிற்கும். அதனால் யாரும் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்பதில்லை. சீனியரும் கேட்கவில்லை.

பழைய_மெகர்:
அப்படியானால் கதை பாதி தெரிந்துவிட்டது.

1100 வோல்ட் சிஸ்டத்தில் 600 வோல்ட் மீட்டரை வைத்தால், பிரோப் வழுக்க வேண்டும் என்று கூட இல்லை, மீட்டருக்குள்ளேயே ஆர்க் பிடிக்கலாம். வழுக்கினால் கேட்கவே வேண்டாம். இரண்டு ஃபேஸுக்கு நடுவே உலோக முனை ஒரு கணம் தொட்டால் போதும், முனை ஆவியாகிவிடும், அந்த ஆவி வழியாகக் கரண்ட் தொடர்ந்து ஓடும். செம்பு ஆவியானால் அதன் கன அளவு அறுபதாயிரம் மடங்குக்கு மேல் விரியும். நீங்கள் கேட்ட அந்தக் கதவுச் சத்தம் அதுதான். ஆர்க்கின் நடுவில் வெப்பம் சூரியனின் மேற்பரப்பை விடப் பல மடங்கு.

பலர் நினைப்பது கரண்ட் விபத்து என்றால் ஷாக் அடித்துச் சாவது என்று. நான் பார்த்ததில் ஷாக்கை விட இந்த வெந்த கேஸ்கள்தான் அதிகம், அதிலும் வெந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். பெல்ட் ஆபரேட்டரோ லோடரோ பெட்டியைத் திறக்க மாட்டார். திறக்கிறவன் எலக்ட்ரீஷியன்தான். எதற்குத் திறக்கிறான்? கரண்ட் இல்லை என்று உறுதி செய்யத்தான். பாதுகாப்புக்காகச் செய்கிற வேலையே ஆளை எரிக்கிறது.

எர்த்லீக்:
ரிலே (கரண்ட் எல்லை மீறினால் பிரேக்கரைப் பிரிக்கச் சொல்லும் கருவி) செட்டிங் வேலை பார்க்கிறவன் நான், ஒன்று கேட்கணும். ஆர்க் எவ்வளவு நேரம் நீடித்தது? கண் சிமிட்டும் நேரமா, அதை விட அதிகமா?

கேப்லாம்ப்:
நேரம் தெரியவில்லை. ஆனால் நான் முகத்தைத் திருப்பி, கையைத் தூக்கி மறைத்துக்கொள்கிற வரைக்கும் வெளிச்சம் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் கையை மறைத்த பிறகும் விரல் இடுக்கில் தெரிந்தது.

எர்த்லீக்:
அதுதான் சந்தேகப்பட்டேன். கையைத் தூக்குகிற நேரம் என்றால் கால் வினாடியாவது இருக்கும், அரை வினாடியாகவும் இருக்கலாம். ஒழுங்கான இன்ஸ்டன்டேனியஸ் ட்ரிப் (காத்திருக்காமல் உடனே அறுப்பது) இருந்தால் பிரேக்கர் அதற்குள் பிரிந்து முடிந்திருக்கும். ஆர்க்கில் வெளிவரும் சக்தி நேரத்தோடு நேராக ஏறும். ஐந்து மடங்கு நேரம் எரிந்தால் ஐந்து மடங்கு சூடு தோலில். அதே ஆர்க் சீக்கிரம் அறுந்திருந்தால் கை மட்டும் லேசாக வெந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

விசாரணையில் இதைக் கேளுங்கள்: செக்‌ஷன் பிரேக்கரின் இன்ஸ்டன்டேனியஸ் செட்டிங் என்ன? கடைசியாக எப்போது மாற்றினார்கள்? பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது ட்ரிப் ஆகித் தொந்தரவு கொடுக்கிறது என்று யாராவது திருகி ஏற்றிவிட்டிருப்பார்கள். அது ஒரு பக்கம். இன்னொன்று, கேபிள் நீளம். முகப்பு முன்னே போகப் போகக் கேபிளைச் சேர்த்துக்கொண்டே போவோம், தூரம் கூடக்கூட முனையில் வரும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கேபிள் முனையில் நடக்கும் ஷார்ட் சர்க்யூட்டும் பெரிய மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டும் ரிலேவுக்கு ஒன்று போலத் தெரியும். ரிலே "மோட்டார்தானே" என்று காத்திருக்கும். நிலத்துக்கு மேலே தொழிற்சாலையில் ஒருமுறை செட் செய்தால் வருடக்கணக்கில் தொட வேண்டாம். சுரங்கத்தில் லேஅவுட் மாதம் மாதம் மாறுகிறது, செட்டிங் அப்படியே கிடக்கிறது.

மூன்றாம்ஷிப்ட்:
ஆளாளுக்கு ரிலே, தகடு என்கிறீர்கள். எல்லாமே சிஸ்டம் தப்பு என்றால் வேலை செய்கிறவனுக்குப் பொறுப்பே இல்லையா?

பழைய_மெகர்:
இருக்கிறது ஐயா. ஆனால் தகடு கழன்ற பெட்டி ஒரு வருடம் ஓடியது, தவறான மீட்டர் ஸ்டோரிலிருந்து கையெழுத்துப் போட்டு வந்தது, செட்டிங் ஏறிக் கிடந்திருக்கலாம், சுவிட்சை நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் தயக்கம். இந்த நாலுக்கும் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு ஆட்கள். ஐந்தாவதாக ஒருவர் கை வழுக்கியது, பேர் மட்டும் அவருக்கு.

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தப் பெட்டி ஃப்ளேம்ப்ரூஃப். அதன் வேலை என்ன? உள்ளே பொறி பறந்து உள்ளிருக்கும் வாயு வெடித்தாலும், மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி வழியாக வருகிற தீ, இரும்பில் உரசிக் குளிர்ந்து, வெளியே வாயுவைப் பற்றவைக்காமல் போக வேண்டும். மூடியைத் திறந்து உள்ளே லைவ் வைத்திருந்தால் அது வெறும் இரும்பு டப்பா. தம்பி, அன்றைக்கு அங்கே மீத்தேன் கேஸ் எவ்வளவு?

கேப்லாம்ப்:
போனவுடன் பார்த்தோம் சார், 0.2 சதவீதம்.

பழைய_மெகர்:
நல்லவேளை. மீத்தேன் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் வெடிக்கும். பற்றவைக்க 0.3 மில்லிஜூல் அளவுக்குச் சின்னப் பொறி போதும். அதனால்தான் 1.25 சதவீதம் வந்தாலே கரண்ட்டை அறுக்கச் சொல்லிப் பல நாடுகளில் விதி, அமெரிக்காவில் 1 சதவீதத்திலேயே முகப்பு இயந்திரங்களை நிறுத்திவிட வேண்டும். 5 வரை நேரம் இருக்கிறதே என்று நினைக்கக்கூடாது, கேஸ் மெதுவாகவும் ஏறும், ஒரு கூரை விழுந்தால் நொடியிலும் ஏறும்.

ஃப்ளேம்ப்ரூஃப் பற்றிப் பேச ஆரம்பித்ததால் ஒரு புலம்பல். அந்த ஃபிளாஞ்சை (மூடி உட்காரும் விளிம்பு) எண்ணெய்த் துணியால் துடைத்து, ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, எல்லா போல்ட்டும் போட்டால்தான் அதற்குப் பெயர் ஃப்ளேம்ப்ரூஃப். நான் என்னவெல்லாம் பார்த்திருக்கிறேன் தெரியுமா. பன்னிரண்டு போல்ட்டில் எட்டு. தண்ணீர் புகுகிறது என்று ரப்பர் வாஷர் வெட்டி நடுவில் வைத்தவன். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று பளபளவென்று பெயின்ட் அடித்து, ஃபிளாஞ்ச் முகத்திலும் சேர்த்து அடித்தவன். பார்வைக்குப் புதுப்பெட்டி, உள்ளே வெடி.

கரிப்புகை:
சுரங்க விபத்து வரலாறு படிக்கிற பைத்தியம் எனக்கு, அதனால் குறுக்கே வருகிறேன். சின்னப் பொறி போதும் என்றதும் நினைவுக்கு வருவது சென்கெனித். வேல்ஸில், 1913 அக்டோபர் 14. தொழிலாளர்கள் 439 பேர், மீட்புக்குப் போன ஒருவர். பிரிட்டன் சுரங்க வரலாற்றிலேயே பெரிய சாவு. பற்றவைத்தது எது என்று உறுதியாக முடிவாகவில்லை. ஆனால் சந்தேகம் போய் நின்ற இடம் என்ன தெரியுமா? பேட்டரியில் ஓடும் சிக்னல் மணி. கரி வண்டிகள் போகும் ஹாலேஜ் ரோட்டில் இரண்டு வெறும் கம்பி போகும், அவற்றைச் சேர்த்துத் தொட்டால் மணி அடிக்கும்.

பேட்டரிதானே, கையில் தொட்டால் கூடத் தெரியாதே என்று நினைத்தார்கள். ஆனால் மணிக்குள் காயில் இருக்கிறது, சர்க்யூட்டைப் பிரிக்கிற நொடியில் காயிலில் தேங்கிய சக்தி பொறியாக வெளியே வரும், அது மீத்தேனுக்குப் போதும். இதை ஆராயப் போய்த்தான் 'இன்ட்ரின்சிக்கலி சேஃப்' என்ற கருத்தே வளர்ந்தது: பொறி வந்தாலும் பற்றவைக்க முடியாத அளவுக்குச் சர்க்யூட்டின் சக்தியையே குறைத்துவிடுவது. இன்று உங்கள் கேஸ் டிடெக்டர், சிக்னல் லைன் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

டிராலி_வயர்:
வரலாறு நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் உலோகச் சுரங்கம், எங்களுக்கு மீத்தேன் கவலை குறைவு. எங்கள் எமன் தலைக்கு மேலே தொங்கியது. டிராலி லோகோவுக்கு டிசி வயர், 250 வோல்ட், போர்வை எதுவும் கிடையாது, வெறும் செம்பு. கீழே தண்டவாளம்தான் ரிட்டர்ன். நடுவில் ஈர பூட்ஸ் போட்ட மனுஷன்.

ஷிப்ட் முடிந்து நாலு பேர் டிரில் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். முன்னால் போகிறவன் எதற்கோ குனிகிறான். அவ்வளவுதான், பின்முனை மேலே எழும்பி வயரில் ஒரு தட்டு. என் கூட வந்தவனுக்கு அப்படித்தான் ஆனது. தூக்கிப் போட்டது, தண்டவாளத்தில் தலை அடித்தது. கரண்ட் ஒன்றும் செய்யவில்லை, விழுந்ததுதான் செய்தது. ரிப்போர்ட்டில் "தடுக்கி விழுந்தார்" என்று போட்டார்கள். அதனால் கரண்ட் விபத்துக் கணக்கு என்று யாராவது காட்டினால் நான் நம்ப மாட்டேன், ஷாக் அடித்து ஏணியிலிருந்து, லோடர் மேலிருந்து விழுகிறதெல்லாம் வேறு கணக்கில் போய்விடுகிறது.

டிசி ஆர்க் இன்னும் பிடிவாதம். ஏசியில் அலை நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் அணைய ஒரு வாய்ப்பு. டிசியில் அந்த வாய்ப்பு இல்லை, இழுத்துக்கொண்டே எரியும்.

புதுசு:
அண்ணா, நான் இப்போதுதான் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். எங்கள் இன்ஸ்ட்ரக்டர், "சுரங்கத்தில் எர்த் ஃபால்ட் கரண்ட் 750 மில்லிஆம்பியருக்கு மேல் போகாதபடி நியூட்ரலில் ரெசிஸ்டர் போட்டிருக்கிறது, அதனால் ஷாக் அடித்தாலும் சாக மாட்டாய்" என்றார். உண்மையா?

எர்த்லீக்:
முழுத் தப்பு. உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

1100 வோல்ட் என்பது ஃபேஸுக்கு ஃபேஸ். எர்த்துக்கு 635 வோல்ட். ஈரக் கை, வியர்வை, கால் தண்ணீரில், உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் ரெசிஸ்டர் (635 வோல்ட்டை 0.75 ஆல் வகுத்தால் சுமார் 850 ஓம்) அதோடு வரிசையாகச் சேரும், அப்போதும் சுமார் 0.34 ஆம்பியர் உடம்பில் ஓடும். ரெசிஸ்டரின் வரம்பு 0.75. வரம்பையே தொடவில்லை பாருங்கள். பிடித்த கை விடாமல் இறுகுவதற்கு 10, 15 மில்லிஆம்பியர் போதும். சில பத்து மில்லிஆம்பியர் ஒரு வினாடிக்கு மேல் மார்பு வழியாகப் போனாலே இதயம் தாளம் தப்பலாம். ஆக லைவைத் தொட்டவனை அந்த ரெசிஸ்டர் காப்பாற்றாது, எர்த் லீக்கேஜ் ரிலே எவ்வளவு வேகமாக அறுக்கிறதோ அதுதான் காப்பாற்றும்.

பின்னே ரெசிஸ்டர் எதற்கு? இயந்திரத்தின் உடலைத் தொட்டு நிற்கிறவனுக்காக. இயந்திரத்தோடு இழுபடும் ட்ரெய்லிங் கேபிள் நசுங்கி ஒரு ஃபேஸ் உடலைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். கேபிளில் உள்ள எர்த் கோரின் (எர்த் கம்பி) தடை 2 ஓம் என்றால், 0.75 ஆம்பியருக்கு இயந்திர உடலில் 1.5 வோல்ட்தான் ஏறும். தொட்டால் ஒன்றும் தெரியாது. ரெசிஸ்டர் இல்லாமல் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த எர்த் கோரில் ஓடினால், உடலில் நூற்றுக்கணக்கான வோல்ட்.

ஆனால் இந்த அழகான கணக்கெல்லாம் எர்த் கோர் அறுபடாமல் இருக்கிற வரைதான். அது அறுந்தால் இயந்திரம் மொத்தமும் 635 வோல்ட்டில் நிற்கும், முதலில் தொடுகிறவன்தான் எர்த் கோர்.

பழைய_மெகர்:
அதற்காகத்தான் பைலட், கேபிளில் கூடவே ஓடும் ஒரு காவல் கம்பி. புதுசு, நீ ஒரு நாள் கேபிள் பிளக்கைக் கையில் எடுத்து முகத்தைப் பார். பின்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. எர்த் பின் நீளம், பைலட் பின் குட்டை. சொருகும்போது எர்த் முதலில் சேரும், பைலட் கடைசியில். இழுக்கும்போது பைலட் முதலில் விடும், விட்டதும் காண்டாக்டர் (சப்ளையைச் சேர்த்துப் பிரிக்கும் மின்சுவிட்ச்) விழும், பவர் பின்கள் பிரியும்போது கரண்ட் இருக்காது, எர்த் கடைசி வரை கூடவே வரும். பைலட் கரண்ட் எர்த் வழியாகத் திரும்புவதால் எர்த் கோர் அறுந்தாலும் ட்ரிப். அதற்காக ஓடுகிற கேபிளைத் துணிந்து இழுக்காதே, காண்டாக்டர் விழவும் நேரம் வேண்டும், ஒட்டிக்கொண்ட காண்டாக்டர் விழவே விழாது.

மூன்றாம்ஷிப்ட்:
பைலட் என்று ஆரம்பித்துவிட்டீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரிகல் இல்லை, புரொடக்‌ஷன். பைலட் அடிக்கடி ட்ரிப் ஆகும், கேபிளில் எங்கேயோ லூஸ். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இருபது நிமிடம் போகும். ஷிப்ட் டன் கணக்கு மேலே கேட்பார்கள். எலக்ட்ரீஷியனைப் பார்த்து "ஏதாவது பண்ணுப்பா" என்று நானே சொல்லியிருக்கிறேன். அவன் பெட்டிக்குள் ஒரு டயோடை வைத்து, பைலட் நன்றாக இருப்பது போலப் பெட்டியை ஏமாற்றிவிட்டுப் போனான். அந்த ஷிப்ட் நன்றாக ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த டயோடு எத்தனை நாள் உள்ளே இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அதனால் நான் மேலே "கவனக்குறைவு" என்று எழுதியதை... சரி, விடுங்கள்.

கரிப்புகை:
மூன்றாம்ஷிப்ட், இதை வெளியே சொன்னதே பெரிது. பைபாஸ் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு வில்பெர்க் இருக்கிறது. யூட்டா, 1984 டிசம்பர் 19, 27 பேர். கவனிக்க ஆளில்லாமல் ஓடிய ஒரு ஏர் கம்ப்ரஸர் சூடேறித் தீப்பிடித்தது. சூடானால் நிறுத்த வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச் பைபாஸ் செய்யப்பட்டிருந்தது.

சாகோ இன்னொரு மாதிரி. மேற்கு வர்ஜினியா, 2006 ஜனவரி 2, 12 பேர். சுவர் கட்டி அடைத்துவிட்ட பழைய பகுதியில் மீத்தேன் தேங்கியிருந்தது, அங்கே கரண்ட்டே கிடையாது. ஆனால் ஒரு பம்ப் கேபிளை எடுக்காமல் விட்டுவிட்டு அடைத்திருந்தார்கள். மேலே மின்னல் விழுந்தபோது அந்தக் கேபிள் ஆன்டெனா மாதிரி வேலை செய்து பொறியை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது அரசு விசாரணையின் முடிவு.

டிராலி_வயர்:
துருக்கியில் சோமா கூட டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துத்தானே 301 பேர் போனார்கள்?

கரிப்புகை:
2014 மே 13 அன்று முதலில் வந்த செய்தி அப்படித்தான். பின்னால் வந்த நிபுணர் அறிக்கைகள் டிரான்ஸ்ஃபார்மர் கதையை ஏற்கவில்லை. கரண்ட் மேல் பழி போட்டால் சுலபம், இயந்திரம் வாய் திறக்காது.

வார்டு_அக்கா:
தீக்காயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கேப்லாம்ப் தம்பி, உங்கள் சீனியருக்கு ஆர்க் வெப்பம் மட்டும்தானா, கரண்ட் உடம்பு வழியாகப் போனதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

ஆர்க்கில் வெந்தது வெளியே தெரியும். பயமாக இருக்கும், ஆனால் எவ்வளவு என்று பார்த்தாலே தெரியும். கரண்ட் புகுந்தது அப்படி இல்லை. உள்ளங்கையில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி, பாதத்தில் இன்னொன்று, ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் வந்தால், செத்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். "நல்லாத்தான இருக்கேன், அடுத்த ஷிப்ட் வரேன்" என்று போகிறவர்களைத்தான் நான் பயந்து பார்ப்பேன். ஷாக் வாங்கியவருக்கு ஈசிஜி பார்க்காமல் அனுப்பவே கூடாது.

நிலத்தடியில் நீங்கள் செய்யக்கூடியது: முதலில் சப்ளையை அறுப்பது, அதற்கு முன் தொடாதீர்கள். மூச்சு இல்லை என்றால் அங்கேயே மார்பை அழுத்த ஆரம்பியுங்கள், மேலே தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால் வழியிலேயே போய்விடும். வெந்த இடத்தில் ஓடுகிற சுத்தமான தண்ணீர் இருபது நிமிடம். மோதிரம், வாட்ச் உடனே கழற்றுங்கள், வீங்கினால் வெட்டத்தான் வேண்டும். தோலில் உருகி ஒட்டிய துணியை உரிக்காதீர்கள்.

மாதங்கள் கழித்தும் சில வரும். கண்புரை, விரல் மரத்துப்போவது, தூக்கம் கெடுவது, மறதி, சின்ன சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது. வீட்டில் இருப்பவர்கள் "ஆள் மாறிட்டார்" என்பார்கள். முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

கேப்லாம்ப்:
ரொம்ப நன்றி அக்கா. உள்ளே பாலியெஸ்டர் பனியன் போட்டிருந்தார், கழுத்தில் உருகி ஒட்டியிருந்தது, நான் உரிக்கத்தான் போனேன், அவரே கையைத் தட்டிவிட்டார்.

புதுசு:
கையுறை போட்டிருந்தால் இவ்வளவு வெந்திருக்காதா?

பழைய_மெகர்:
கைக்குக் கொஞ்சம் உதவியிருக்கும், முகத்துக்கு என்ன செய்வாய்? ஆர்க்குக்கு ஏற்ற முகமூடி, பருத்தியோ தீப்பிடிக்காத துணியோ வேண்டும். கையுறையிலும் கணக்கு இருக்கிறது. கிளாஸ் 0 என்பது 1000 வோல்ட் வரைக்கும்தான், 1100 வோல்ட் வேலைக்கு அது போதாது, கிளாஸ் 1 வேண்டும். பல ஸ்டோர்களில் கிளாஸ் 0 மட்டும்தான் கிடக்கும், யாரும் கவனிப்பதில்லை. போடும் முன் கையுறையின் வாயிலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்துக் காதருகே வைத்துக் கேள், உஸ்ஸென்றால் குப்பையில் போடு.

மீட்டரை நம்பாதே. தெரிந்த லைவில் வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், மறுபடியும் தெரிந்த லைவில் பார். நடுவில் செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். அதற்கென்றே புரூவிங் யூனிட் கிடைக்கிறது, லைவைத் தேடி அலைய வேண்டாம்.

பூஜ்யம் காட்டினாலும் நீளமான ஹைவோல்டேஜ் கேபிள் என்றால் எர்த் ராடு வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும், கேபிளே ஒரு கெப்பாசிட்டர். டிரைவ் பேனல் என்றால் அதற்குள் உள்ள கெப்பாசிட்டர் இறங்கச் சில நிமிடம் காத்திரு. என் பெயர் ஏன் பழைய மெகர் என்று கேட்பார்கள். மெகர் (கேபிளின் காப்பைச் சோதிக்கும் கருவி) போட்டு ரீடிங் எழுதிக்கொண்டு, டிஸ்சார்ஜ் செய்யாமல் அதே கேபிள் முனையைக் கையில் எடுத்தவன் நான். நாற்பது பேர் முன்னால். பேர் நிலைத்துவிட்டது.

மூன்றாம்ஷிப்ட்:
கேப்லாம்ப், விசாரணை என்ன ஆயிற்று?

கேப்லாம்ப்:
நேற்று இரண்டாம் கூட்டம் நடந்தது, என்னையும் கூப்பிட்டார்கள். எர்த்லீக் சொன்னபடி செட்டிங்கைக் கேட்டேன். அறை கொஞ்சம் அமைதியானது. பிரேக்கரைத் திறந்து பார்த்தார்கள், டயல் கடைசி வரை திருகியிருந்தது. எப்போது, யார் என்று பதிவேட்டில் இல்லை. தகடு இல்லாத பெட்டிகள் இன்னும் மூன்று கண்டுபிடித்து மேலே அனுப்பியிருக்கிறார்கள். "கவனக்குறைவு" என்ற வார்த்தை இன்னும் அறிக்கையில் இருக்கிறது, ஆனால் இப்போது ஐந்தாவது பத்தியில்.

சீனியரைப் போய்ப் பார்த்தேன். இடது கையில் தோல் வைத்திருக்கிறார்கள். செட்டிங் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆறு மாசம் முன்னாடி அந்த பம்ப் ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சுல்ல, அப்ப நான் லீவு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

நான் எல்லாப் பெட்டியிலும் மூடிக்கு உள்பக்கம் "மேல் டெர்மினலில் எப்போதும் கரண்ட் உண்டு, பின் சுவிட்சை நிறுத்து" என்று ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பழைய_மெகர்:
ஸ்டிக்கர் ஒரு மாதத்தில் கரித்தூளில் கறுத்துவிடும் தம்பி, அப்புறம் யாராவது பெயின்ட் அடித்துவிடுவான்.

கேப்லாம்ப்:
பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டிக் கேட்டிருக்கிறேன் சார். ஸ்டோரில் தகடு இல்லையாம். வொர்க்‌ஷாப்பில் பழைய பெயர்ப்பலகை ஒன்று கிடக்கிறது, அதன் பின்பக்கத்தில் வெட்டித் தருகிறேன் என்று ஃபிட்டர் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கிடைக்கும். முதல் தகடு அந்த சம்ப் பெட்டிக்கு.